முறிந்த முதுகெலும்புக்கு ரோபோவா, திறந்த அறுவையா?

தொழிற்கூடக் கூரையில் தகடு மாற்ற ஏறுபவர் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் கால் வைக்கிறார். தகடு உடைகிறது. பதினைந்து அடி கீழே, சிமென்ட் தரையில், குதிகால் பட விழுகிறார். மறைமலைநகர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள மருத்துவமனைகள் நன்றாக அறிந்த விபத்து இது. சாரத்திலிருந்து விழும் கொத்தனார், தென்னையிலிருந்து விழும் மரமேறி, ஜி.எஸ்.டி. சாலையில் நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்னால் மோதும் பைக்காரர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு அதிகாலையில் தூக்கி எறியப்படும் இளைஞர் என்று இந்த வரிசை நீளும். உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு உடைந்திருந்தால் முதுகையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவ மாணவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. கீழிருந்து ஏறும் விசை, கால்கள் வழியாகவும் இடுப்பு வழியாகவும் போய் முதுகெலும்பில்தான் அடங்குகிறது.

சி.டி. ஸ்கேனில் முறிவு தெரிந்ததும் உறவினர்கள் இப்போதெல்லாம் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ரோபோ ஆபரேஷன் பண்ணலாமா டாக்டர், இல்ல ஓபன் பண்ணித்தான் ஆகணுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. அறுவை தேவையா என்பது முதல் கேள்வி. தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா, எத்தனை மணி நேரமாக நசுங்கியிருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் ரோபோவிடம் பதில் கிடையாது.

நம் முதுகில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. மார்புப் பகுதி விலா எலும்புகளோடு பிணைந்திருப்பதால் விறைப்பானது. இடுப்புப் பகுதி தாராளமாக வளையும். விறைப்பும் வளைவும் சந்திக்கும் இடத்தில்தான் விசை குவிகிறது. மார்பின் 12-ஆம் முள்ளெலும்பும் இடுப்பின் முதல் முள்ளெலும்பும் அதிகமாக உடைவதற்கு இதுவே காரணம். மூளையிலிருந்து இறங்கி வரும் தண்டுவடம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்குகின்றன. ஆகவே ஒரு முள்ளெலும்பு மேலே உடைந்தால் ஒரு விதி, கீழே உடைந்தால் வேறு விதி. தண்டுவடத்தைவிட நரம்பு வேர்கள் காயத்தை ஓரளவு தாங்கும். மீளவும் வாய்ப்பு அதிகம்.

அறுவை தேவையா என்பதை முடிவு செய்ய 2005-ல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் வக்காரோ தலைமையிலான குழு ஒரு மதிப்பெண் முறையைத் தந்தது. முறிவின் வடிவம், நரம்பின் நிலை, எலும்புகளைப் பின்புறம் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார்களின் நிலை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்குக் கீழே வந்தால் அறுவை வேண்டாம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் அறுவை. 4 வந்தால் மருத்துவரின் முடிவு. எலும்பு நொறுங்கிச் சிதறிய முறிவுக்கு 2 மதிப்பெண்தான். கால்களில் பலமும் உணர்ச்சியும் சரியாக இருந்து, தசைநார்களும் அறுபடாமல் இருந்தால் மொத்தமே 2. அவருக்கு அறுவை தேவைப்படாது. அதே முறிவில் தண்டுவடம் பாதி செயலிழந்திருந்தால் அதற்கு மட்டும் 3. மொத்தம் 5 ஆகிவிடும்.

ஸ்கேன் படத்தில் நொறுங்கிய எலும்பைப் பார்த்து மிரண்டுபோகும் குடும்பத்துக்கு, "ஆபரேஷன் வேண்டாம், வலி மாத்திரையோடு பத்திரமாக எழுந்து நடக்கலாம்" என்ற சொல் நம்பும்படியாக இருப்பதில்லை. ஆனால் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கிர்க்கம் வுட் குழு, நரம்புப் பாதிப்பு இல்லாத, நிலையான சிதறல் முறிவு கொண்ட 47 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவையும் மறு பிரிவுக்கு இறுக்கமான உடற்கட்டும் தந்தது. 2003-ல் வெளியான முடிவில், வேலைக்குத் திரும்புவதிலும் முதுகின் கூனலிலும் பெரிய வேறுபாடு இல்லை. சுமார் இருபது ஆண்டு கழித்து அதே நோயாளிகளைத் தேடிப் பார்த்தபோது, அறுவை செய்யாதவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. எனவே ரோபோவைப் பற்றிப் பேசும் முன், ரோபோவும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்ற மூன்றாவது வழி தன் நோயாளிக்குப் பொருந்துமா என்று உறவினர் கேட்டாக வேண்டும்.

பொருந்தாது, அறுவை வேண்டும் என்றால்?

திறந்த அறுவையில் நோயாளி குப்புறப் படுக்கிறார். முதுகின் நடுக்கோட்டில் ஒரு சாண் அளவுக்கோ அதற்கு மேலோ தோல் திறக்கப்படுகிறது. முள்ளெலும்பின் இருபுறமும் ஒட்டியிருக்கும் தசைகளை எலும்பிலிருந்து உரித்து, இடுக்கி போட்டு விலக்கி வைக்கிறார்கள். பிறகு உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளில் டைட்டானியம் ஸ்குரூக்களை இறக்கி, அவற்றைக் கம்பிகளால் இணைக்கிறார்கள். ஊரில் "முதுகுல ராடு வெச்சிருக்காங்க" என்று சொல்வது இதைத்தான். பிரான்சின் ரேமோன் ருவா-கமீய் 1963-ல் தொடங்கி வளர்த்த முறை இது. ஸ்குரூ இறங்கும் வழிக்குப் பெயர் பெடிக்கிள்: முள்ளெலும்பின் பின்பகுதியையும் முன்பகுதியையும் இணைக்கும் குறுகிய எலும்புப் பாலம். மார்பின் நடுப்பகுதியில் பலருக்கு அதன் அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. உட்சுவரைத் தாண்டினால் தண்டுவடம். கீழ்ச்சுவரைத் தாண்டினால் நரம்பு வேர். முன்னால் அதிகம் போனால் பெருநாடி.

இந்தப் பாலத்துக்குள் வெறுங்கையால் வழி காண்பது அறுவை மருத்துவத்தின் நுட்பமான கைத்தொழில்களில் ஒன்று. மருத்துவர் எலும்பின் மேற்பரப்பில் ஓர் அடையாளத்தைக் கண்டு சிறு துளையிடுகிறார். மழுங்கிய முனையுள்ள புரோப் ஒன்றை மெதுவாகத் திருகி இறக்குகிறார். உள்ளிருக்கும் மென்மையான எலும்பு சீராக, நறநறவென்று வழி விடும். அந்த எதிர்ப்பு சட்டென்று காணாமல் போனால் முனை சுவரைத் துளைத்துவிட்டது என்று பொருள். புரோப்பை எடுத்துவிட்டு, நுனியில் சிறு குமிழ் உள்ள மெல்லிய ஃபீலரை விட்டு, நான்கு பக்கச் சுவரையும் அடித்தளத்தையும் தடவிப் பார்க்கிறார். ஐந்தும் எலும்பாக இருந்தால்தான் ஸ்குரூ. தடவிப் பார்ப்பது சில விநாடி வேலை. இந்த விரலுணர்வு கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

அனுபவம் மிக்க கைகளும் தவறும். எவ்வளவு தவறும் என்பதை அளந்தவர்களில் தமிழ்நாட்டு மருத்துவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும், முதுகு கோணியும் கூனியும் வளைந்த 33 நோயாளிகளிடம் 478 ஸ்குரூக்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். பாதியளவு ஸ்குரூக்கள் வழக்கமான முறையில். மீதி, கணினித் திரையில் எலும்பின் முப்பரிமாணப் படத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கும் வழிகாட்டி முறையில். வழக்கமான முறையில் 23 சதவீத ஸ்குரூக்கள் பெடிக்கிள் சுவரைத் தாண்டியிருந்தன. கணினி வழிகாட்டியில் 2 சதவீதம். ஒரு ஸ்குரூவுக்கு ஆன நேரமும் சுமார் நாலரை நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. சுவரைத் தாண்டிய ஸ்குரூக்களில் பெரும்பாலானவை நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தருவதில்லை. இங்கே ஆராயப்பட்டவை கோணிய முதுகுகள், முறிந்தவை அல்ல என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத எலும்புப் பாதையைத் திரை காட்டினால் கை தடுமாறுவது குறையும் என்பது அங்கே உறுதியானது.

அந்தக் கணினி வழிகாட்டிக்கு ஒரு கையையும் பொருத்தியதுதான் முதுகெலும்பு ரோபோ.

ரோபோ என்றதும் மருத்துவரை ஒதுக்கிவிட்டு இயந்திரம் தானாக அறுக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. ஃபோர்டு ஆலை இருந்த காலத்தில் உதிரிபாகம் செய்து வளர்ந்த மறைமலைநகர்ப் பட்டறைகளில், துளை பிசகாமல் இருக்க டிரில்லுக்கு ஜிக் வைப்பார்கள் அல்லவா, ரோபோவின் கை செய்வது அந்த வேலைதான். அறுவைக்கு முன் எடுத்த சி.டி. படத்தில் மருத்துவர் ஒவ்வொரு ஸ்குரூவின் தடிமன், நீளம், கோணம் எல்லாவற்றையும் குறிக்கிறார். அறுவை அரங்கில் நோயாளியின் இடுப்பெலும்பில் ஒரு சிறு ஊசி பதித்து, படமும் உடலும் எங்கே பொருந்துகின்றன என்பதை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறகு ரோபோவின் கை குறித்த கோணத்தில் வந்து அசையாமல் நிற்கிறது. அதன் குழல் வழியே தோலில் ஒன்றரை சென்டிமீட்டர் கீறலிட்டு, துளை போட்டு, ஸ்குரூவை இறக்குவது மருத்துவரின் கைதான்.

இந்த வகையில் முதலில் பரவிய கருவி இஸ்ரேலில் பிறந்தது. டெக்னியான் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோஷே ஷோஹாம் 2001-ல் இணைந்து தொடங்கிய மாசோர் நிறுவனத்தின் ஸ்பைன்அசிஸ்ட் கருவிக்கு 2004-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. எடை கால் கிலோதான். நோயாளியின் உடலோடு இணைத்த சட்டத்தின் மேலேயே அமர்ந்து வேலை செய்யும். அதன் அடுத்த தலைமுறையான ரினைசான்ஸ் 2010-களின் தொடக்கத்திலேயே சென்னை அப்போலோ மருத்துவமனைக்கு வந்துவிட்டது. 2018-ல் மாசோர் நிறுவனத்தை மெட்ரானிக் சுமார் 160 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. முதுகெலும்பு ரோபோ பெரும் வணிகமும்கூட என்பதை நோயாளிகள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஏனெனில் ரோபோ எப்போதும் வெல்வதில்லை. ஜெர்மனியில் ஃப்ளோரியன் ரிங்கல் குழு 60 நோயாளிகளிடம் 298 ஸ்குரூக்களைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு 2012-ல் வெளியிட்ட ஆய்வில் வெறுங்கையே வென்றது. வெறுங்கையில் 93 சதவீத ஸ்குரூக்கள் நல்ல நிலையில். ரோபோவில் 85 சதவீதம். கருவியை உடலோடு பிணைத்த பிடிமானம் போதாமல் இருந்ததும், எலும்பின் சரிவான மேற்பரப்பில் குழலின் நுனி வழுக்கியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஏழு ஆண்டு கழித்துப் பெய்ஜிங்கில் டியன் வெய் குழு, சீனாவிலேயே உருவாக்கிய டிரோபாட் கருவியை 234 நோயாளிகளிடம் சோதித்தது. துல்லியமாக எலும்புக்குள்ளேயே நின்ற ஸ்குரூக்கள் ரோபோவில் 95.3 சதவீதம், வழக்கமான முறையில் 86.1 சதவீதம்.

இரண்டு ஆய்வும் உண்மை. இடையில் கருவிகள் மாறின, பிடிமானம் மேம்பட்டது, மருத்துவர்களும் பழகினார்கள். "ரோபோவில் செய்தோம்" என்ற சொல் மட்டும் எதையும் உறுதி செய்வதில்லை என்பதே இவற்றிலிருந்து பெறவேண்டிய செய்தி. எந்தக் கருவி, யாருடைய கை, அந்தக் கை அந்தக் கருவியில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறது என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முறிவு என்று வரும்போது ரோபோவுக்குத் தனியான சிக்கல் ஒன்றும் சேர்கிறது. சி.டி. எடுக்கும்போது நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். அறுவையின்போது குப்புறக் கிடக்கிறார். முறியாத முதுகில் ஒவ்வொரு எலும்பும் அதே வடிவில்தான் இருக்கும். முறிந்த முதுகில் துண்டுகள் இடம் மாறும். காலையில் எடுத்த படமும் மாலையில் மேசை மேல் உள்ள முதுகும் ஒன்றல்ல. அதனால் வசதியுள்ள இடங்களில் அறுவை அரங்கிலேயே, குப்புறப் படுக்க வைத்த பிறகு, மறுபடி முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த ஸ்கேனர் இல்லாமல் ரோபோவை மட்டும் வாங்கி வைப்பது முறிவு நோயாளிக்குப் பாதி உதவிதான்.

இதைவிடப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. சிதறிய எலும்புத் துண்டு தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தால் யாராவது அதை விலக்கியாக வேண்டும். முள்ளெலும்பின் பின்கூரையை எடுத்து, தண்டுவடத்தின் உறையைக் கண்ணால் பார்த்து, துண்டைத் தள்ளி அல்லது எடுத்து, இடம் உண்டாக்க வேண்டும். எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தால் பிரித்து நேராக்க வேண்டும். இந்த வேலைக்கு இன்றும் திறந்த அறுவைதான் உறுதியான வழி. ரோபோ உடன் இருந்தால் ஸ்குரூ இறக்க உதவும். நரம்பை விடுவிப்பது மருத்துவரின் கை.

ரோபோ ஒளிர்வது வேறு வகை நோயாளியிடம். கால்கள் நன்றாக அசைகின்றன. ஆனால் தசைநார் அறுந்து எலும்பு நிலைகுலைந்திருக்கிறது. தாங்கு கொடுத்தால் போதும். அவருக்குத் தசையை உரிக்காமல், சிறு கீறல்கள் வழியே ஸ்குரூ இறக்கி, தோலுக்கு அடியிலேயே கம்பியைத் தள்ளிப் பொருத்தலாம். இரத்த இழப்பு குறைவு. முதல் சில நாட்களின் வலி குறைவு. விரைவில் எழுந்து உட்காரலாம். இதே சிறுகீறல் அறுவையை ரோபோ இல்லாமல், சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியின் துணையோடும் செய்யலாம். இங்கே பல மருத்துவமனைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே அடிக்க வேண்டும். நோயாளிக்கு அது ஒரு நாள் கதிர்வீச்சு. ஈய அங்கியை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் அது பணிக்காலம் முழுவதும் சேரும் கதிர்வீச்சு. ரோபோ அதைக் கணிசமாகக் குறைப்பது அவர்களுக்கும் கிடைக்கும் நன்மை. அதிகம் பேசப்படாத நன்மை.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம்: நேரம்.

கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட 313 பேரை வட அமெரிக்காவின் ஆறு மையங்களில் மைக்கேல் ஃபேலிங்ஸ் குழு ஆய்வில் சேர்த்தது. 24 மணி நேரத்துக்குள் அழுத்தம் விடுவிக்கப்பட்டவர்களில் 19.8 சதவீதத்தினர் நரம்புச் செயல்பாட்டில் இரண்டு படிகளோ அதற்கு மேலோ முன்னேறினார்கள், தாமதமானவர்களில் 8.8 சதவீதம் என்று 2012-ல் அறிவித்தது. ஸ்குரூவின் துல்லியத்தில் ரோபோ தரும் சில சதவீத நன்மையை இந்த எண்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்டுவடம் அழுந்திய நோயாளியை, ரோபோ இருக்கிறது என்பதற்காக இன்னொரு ஊருக்கு மாற்றி ஒரு நாளை இழப்பது நஷ்டக் கணக்கு.

அந்த 24 மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் பொதுமக்கள் கையில் இருக்கிறது. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரை ஒருவர் அக்குளிலும் ஒருவர் காலிலும் பிடித்துத் தூக்கி, மடக்கி, ஷேர் ஆட்டோவில் உட்கார வைப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் முறிந்த முதுகு அப்படி மடங்கும்போது, அதுவரை தப்பியிருந்த தண்டுவடம் அங்கேயே நசுங்கலாம். மூச்சு விடுகிறார், தீயோ வாகனமோ உடனடி ஆபத்தாக இல்லை என்றால், அவரை அசைக்காமல், தலையை இருபுறமும் கையால் தாங்கி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பதே பெரிய உதவி. நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தலை, தோள், இடுப்பு, கால் நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே கோட்டில், குறைந்தது நான்கு பேர் சேர்ந்து புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். கட்டுப் போடும் வைத்தியரிடம் கொண்டுபோய் முதுகை நீவிவிடுவது அறவே கூடாது.

பணத்துக்கு அஞ்சித் தயங்க வேண்டியதும் இல்லை. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று மறைமலைநகர் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. எந்த மாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும். உதவுபவரைக் காவல்துறையோ மருத்துவமனையோ தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

நசுங்கிச் செத்த தண்டுவடத்தை மீட்கும் கருவி எதுவும் இன்றுவரை இல்லை. அதன் பிறகான வாழ்வுக்கு மறுவாழ்வு மருத்துவம் வேண்டும். இதற்கு வழி காட்டியவர்கள் நம்மிடையே இருந்தே வந்தவர்கள். வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்; பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்று வந்து, சி.எம்.சி.யில் அதற்கான துறையை வளர்த்தார். அங்கே 1966-ல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சகலின் பெயரில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது, சிறுநீர்ப் பையைச் சுத்தமாகக் காலி செய்வது, சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவது என்று தண்டுவடம் அடிபட்டவரின் ஆயுளைக் காக்கும் பயிற்சிகள் இவை போன்ற இடங்களில்தான் நடக்கின்றன.

ஆகவே ஒரு மாவட்டத்துக்குப் பல கோடி ரூபாய் ஒதுக்க வாய்த்தால், முதலில் இரவு இரண்டு மணிக்கும் இயங்கும் முதுகெலும்பு அறுவைக் குழு. அடுத்து மறுவாழ்வுப் படுக்கைகள். அதன் பிறகு ரோபோ. இந்த வரிசை மாறக்கூடாது.

தனியார் மருத்துவமனையில் ரோபோவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு தகவல். ரோபோ அறுவையைக் காப்பீட்டிலிருந்து அடியோடு விலக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ஆனால் உச்சவரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் அந்த வரம்பைக் கேளுங்கள். மருத்துவரிடமும் மூன்றைக் கேளுங்கள்: இந்த முறிவுக்கு அறுவை இல்லாமல் முடியாதா? நரம்பை விடுவிக்க வேண்டியிருக்கிறதா, தாங்கு மட்டும் போதுமா? இந்த ரோபோவில் நீங்கள் எத்தனை முறிவுகளுக்குச் செய்திருக்கிறீர்கள்? பதில் சொல்லத் தயங்காத மருத்துவர் கிடைத்தால், அவர் ரோபோவோடு செய்தாலும் திறந்து செய்தாலும் நம்பி ஒப்படைக்கலாம்.